துப்பாக்கிக் குழலில் சிவப்பு நூல் மீண்டும் வேண்டும்

அனுப்புநர்:
இளையோர் துப்பாக்கிச் சுடுதல் பயிற்சி பெறும் மாணவியின் தாய்,
தையற்கடை, விளையாட்டு அரங்கின் பின்தெரு.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
இளையோர் நலப் பிரிவு.

பொருள்: சுடுதளத்தில் கைவிடப்பட்ட பாதுகாப்பு முறையை மீண்டும் கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்குப் பதினான்கு வயது. பேச்சு திக்கும். பள்ளியில் வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். தங்கள் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து நடக்கிறாள், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருகிறாள். இந்த நன்றியை மறந்து நான் எழுதவில்லை.

2. முன்பெல்லாம் சுட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் காற்றுத் துப்பாக்கியைத் திறந்து பார்த்து, ஒரு சிவப்பு நைலான் நூலைக் குழல் வழியே விடவேண்டும். நூலின் நுனி வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை. எல்லா நுனிகளும் தெரிந்த பிறகே இலக்குத் தாளை எடுக்க யாரும் முன்னே போகலாம்.

3. புதிய பொறுப்பாளர், இருபது பிள்ளைகள் நூல் கோத்தால் நேரம் வீணாகிறது என்று அதை நிறுத்திவிட்டார். இப்போது எல்லோரும் ஒரே குரலில் "காலி" என்று சொன்னால் போதுமாம். கேட்டுக்கொள்ளத் துப்பாக்கிக்குக் காது இருக்கிறதா ஐயா?

4. கடந்த சனிக்கிழமை, தைத்த பயிற்சிக் கோட்டுகளைக் கொடுக்கப் போனேன். பிள்ளைகள் "காலி" என்றார்கள். கூட்டத்தோடு சொல்லும்போது என் மகளுக்குத் திக்கவில்லை. அவள் குரல் தனியாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

5. மூன்றாம் தடத்தில் நின்று சுடும் சிறுமி தாளை எடுக்க ஓடினாள். என் மகளை அக்கா, அக்கா என்று சுற்றி வருபவள். என் மகள் துப்பாக்கியைக் கீழே வைக்கும்போது விரல் விசையில் பட்டது. அந்தச் சிறுமியின் காதுக்கு நான்கு விரல் தள்ளி, குண்டு பலகையில் பாய்ந்தது. யாரோ பலகையைத் தட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்ணிலேயே நிற்கிறது. நேற்று ஊசியைக் கோக்கவே முடியவில்லை.

6. வீட்டில் என் மகள் ஒன்றுதான் சொன்னாள்: "சொல்லு திக்காம வந்துச்சும்மா, அந்தச் சந்தோஷத்துல உள்ள பாக்க மறந்துட்டேன்." இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

7. பதிவேட்டில் "அசம்பாவிதம் ஏதுமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் பயிற்சியையே மூடிவிடுவார்கள், பேசாமல் இருங்கள் என்று பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். மூடிவிடுவீர்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. என் மகளைக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. அதனால்தான் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடத்துச் சிறுமியின் தாய் தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகிறார். நான் குனிந்து தைப்பதுபோல் இருந்துவிடுகிறேன்.

8. பயிற்சியை மூட வேண்டாம். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நூலைத் திரும்பக் கொண்டுவந்து, பதிவேட்டையும் திருத்த உத்தரவிடுங்கள். அந்த ஒரு சொல் என் மகள் வாயில் இனி வராமலே போனாலும் பரவாயில்லை. நூல் நுனி கண்ணுக்குத் தெரியவேண்டும். அதுவரை எந்தப் பிள்ளையும் சுடும் இடத்துக் கோட்டைத் தாண்டி முன்னே போகக்கூடாது ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன்.

நாள்: புதன்கிழமை
இடம்: தையற்கடை

இப்படிக்கு,
சுட்டவளின் தாய்
(ஒப்பம்)

நகல்: மூன்றாம் தடத்துச் சிறுமியின் தாய்க்கு, நேரில், என் கையால்.