நோனாவின் பியானோவுக்கு என்ன விலை

ஓகஸ்ட் 6, செவ்வாய்

கச்சான் காற்று. கடல் கொதிப்பு. அப்பா நாலு நாளாகக் கடலுக்குப் போகாமல் வீட்டில். வாங்க: பாண், பருப்பு, போன் ரீலோட்.

பியானோ முன்னறை ஜன்னலை மறைத்தபடி. அம்மா இருபத்தாறு வருடம் தோட்டத்து பங்களாவில் சமைத்தார், கூட்டினார், படுக்கையில் கிடந்த எஜமானி நோனாவைக் கழுவினார். சேமலாப நிதி என்று நோனா ஒரு சதம் கட்டவில்லை. நோனா செத்ததும் உயிலில் அம்மாவுக்கு இந்தப் பெட்டி. மாம்புரி ஊர் முழுக்க ஒரே கதை: "என்ன நல்ல மனசு!" எனக்கு நம்பிக்கையில்லை. பங்களாவை ஹோட்டலுக்கு விற்றாயிற்று. இதை ஏற்றி இறக்கும் கூலி நோனாவின் வாரிசுகளுக்கு மிச்சம்.

ஏஜென்டுக்கு இன்னும் நாலு லட்சம். மாத முடிவுக்குள். இத்தாலியில் வேலை: ஒரு கிழவனையும் அவன் வீட்டையும் பார்த்துக்கொள்வது. இங்கே கருவாடு காயப்போடுவதைவிட எதுவும் மேல்.

ஓகஸ்ட் 7, புதன்

சிலாபத்துப் பழைய சாமான்காரன். வெள்ளை சேர்ட், சென்ட். மூடியை அரைவாசி திறந்ததும் தலையை ஆட்டினான்.

"கட்டையெல்லாம் யானைத் தந்தம், தங்கச்சி. பொலிஸ் கேஸ். நான் எண்டபடியா அறுபதாயிரம் தாறன்."

"பொலிஸ் கேஸ் எண்டா நீங்க ஏன் வாங்கிறீங்க?"

சிரித்தான். வேறு யாருக்கும் காட்டினால் விலை விழும் என்றான். காட்டினால்தான் ஏறும் என்று விளங்கியது.

ஓகஸ்ட் 8, வியாழன்

புத்தளம் தளபாடக் கடை நானா வந்தார். டோர்ச் அடித்து உள்ளே, முழங்காலிட்டு அடியில் பார்த்தார். கட்டைகளில் பாதி ஊமை. உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிட்டது.

"சத்தத்துக்கு ஆரும் சல்லி தரமாட்டாங்க, தங்கச்சி. ஹோட்டல்காரருக்குப் பாக்கத்தான் வேணும், கேக்க இல்ல. இந்த பொலிஷ் இப்ப ஆரும் போடுறதில்ல. மொகம் பாக்கலாம்."

நாலரை லட்சம். சனிக்கிழமை ஹோட்டல் மனேஜரோடு வருவாராம். ஹோட்டலிடம் எவ்வளவு கறப்பார்? இவரையும் நம்பவில்லை.

அம்மா குசினியிலிருந்து: "ஈரத்துணி பட்டாலே அந்த பொலிஷ் போகும். ஒருக்காப் பட்டதுக்கு நோனா ஒரு மாசச் சம்பளத்தப் பிடிச்சவ."

ஓகஸ்ட் 9, வெள்ளி

காலை. கல்பிட்டிக்குப் போகவேண்டும், போட்டோ கொப்பி. பக்கத்து வீட்டு ரீட்டாக்கா இரண்டு தரம் எட்டிப்பார்த்தாள். என்ன அலுவல் இவளுக்கு? அப்பாவிடம் சொன்னேன்: "ஆரையும் கிட்ட விடாதீங்க. உங்கட பொறுப்பு."

"என்ட வள்ளத்தப் பாக்கிற மாதிரிப் பாக்கிறன். நீ போ."

பின்னேரம். படலையிலேயே சுறா எண்ணெய் நாற்றம். முன்னறையில் அப்பா, கையில் டின். மினுக்கத்தில் எண்ணெய் பிடிக்காதென்று முதலில் தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பிறகு கால் முதல் மூடி வரை எண்ணெய், வள்ளத்துக்குப் பூசுவதுபோல் தடிப்பாக.

"மரம் எண்டா எண்ணெய் குடிக்கவேணும் மகள். இல்லாட்டி வெடிச்சுப்போகும். இனிக் கறையான் கிட்டவும் வராது."

பெருமை வேறு.

ஓகஸ்ட் 10, சனி

மனேஜர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேனுக்குத் திரும்பினான். நானா வாசலில் நின்றபடி: "இரும்புக்கும் பித்தளைக்கும் ஒரு நாப்பதாயிரம் தரலாம். கோவிக்க வாணாம், தங்கச்சி."

அப்பா கடற்கரைக்குப் போனவர், சாப்பிட வரவில்லை.

பிறகுதான் தோன்றியது. நேற்று அம்மா எங்கே? கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். ரீட்டாக்காவிடம் கேட்டேன்.

"உங்கம்மாவோ? உங்கப்பா தேய்க்கேக்க பக்கத்திலதானே கதிரையப் போட்டு இருந்தவ. உள்ளி உரிச்சுக்கொண்டு."

ஈரத்துணிக்கு ஒரு மாதச் சம்பளம் இழந்தவர்.

குசினிக்குப் போனேன். "பாத்துக்கொண்டோ இருந்தீங்க?"

திரும்பவில்லை. "ஓம். மணல் அரிச்சுக் குடுத்ததே நான்தான்."

"ஏன்?"

"ஆர்டயோ வீட்டுப் பெட்டியத் துடைச்சே என்ட முட்டி போச்சு. நீயும் இத்தாலிக்குப் போய்த் துடைக்கப் போறியோ?"

பிறகு, "சோறு போடவா?"

வேண்டாம் என்றேன். போட்டார்.