மூன்றாவது குண்டு

1974 செப்டம்பர் 8, ஞாயிறு இரவு

மாதா கோயில் திருவிழாவுக்கு நான் எழுதிய நாடகம் இன்று நடந்தது. ஏதோ ஒரு கற்பனை நாட்டு ராஜா, தன் அணுகுண்டை மூன்று விதமாகச் செய்கிறான். ஒன்று விமானத்துக்கு, ஒன்று கப்பலுக்கு, இன்னொன்று கடலுக்கடியில் வெடிக்க. புதுத் தோணியைச் சாமியார் மந்திரிப்பது போல ஒவ்வொன்றுக்கும் புனிதர் பெயர் வைத்துத் தீர்த்தம் தெளிப்பான். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று நினைத்தேன், மடையன். தீர்த்தம் தெளித்ததும் பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். தகரப் பீப்பாயில் செய்த குண்டுக்கு!

முடிந்ததும் பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா வந்தாள்.

"தம்பி, அந்த மூணாவது குண்டு கடலுக்கடியிலயா வெடிக்கும்? எங்க வீட்டுக்காரவிய அங்கனதான சங்கு குளிக்காவ."

"சும்மா கதைதான்க்கா."

"கதைன்னு தெரியும். ஆனா அதுக்கு நான் சிலுவை போட்டுட்டேனே."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இந்த டைரியை எடுத்தேன். அவளிடம் சொல்லாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதியபோது, எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மூன்றாவதுதான்.