பாகான், சரியா?

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று உங்களுக்கு முதல் வருஷப் படையல் போட்டோம். நீங்கள் ஆசையாகச் சாப்பிடும் சார்டின் சம்பலை அம்மா தன் கையாலேயே செய்து வைத்தார். ராசா ஊரில் நீங்கள் இத்தனை காலம் பால்மரம் வெட்டிய இதே ரப்பர் தோட்டத்தில், நம் லயத்து வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அம்மா சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இனிமேல் எங்களோடு பட்டர்வொர்த்தில்தான் இருக்கப் போகிறார்.

அந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை. வருவதற்காகப் புறப்பட்டது ஒரே ஒரு நாள். அந்த நாளைப் பற்றி நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரவாங் ஃபேக்டரியில் வேலை செய்தபோதுதான் மணியத்தைப் பார்த்தேன். லோரியில் சாமான் ஏற்ற வந்தவர், பட்டர்வொர்த்காரர். உங்களிடம் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களோ என்னவோ. கேட்கப் பயந்து, ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றேன். நீங்கள் திட்டவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். நாங்கள் கிளம்பும்வரை திரும்பவே இல்லை. பிறகு இரண்டு வருஷம் பேச்சு இல்லை.

கவிதா பிறந்ததும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். குழந்தைக்கு முப்பதாம் நாள் சனிக்கிழமை வருகிறது, நீங்கள் வந்து பேத்தியைத் தூக்க வேண்டும், காலை ரயிலில் ஏறிப் பாகானில் இறங்குங்கள், நான் ஸ்டேசனில் நிற்பேன் என்று எழுதினேன். உங்கள் கையெழுத்தில் பதில் வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, நான் மட்டும் வருகிறேன் என்று ஒரே வரி. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

பாகான். வடக்கே பட்டர்வொர்த்துக்கு எல்லோரும் சொல்லும் பேர் அது. மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் யாரும் வேறு மாதிரி சொல்லமாட்டார்கள். முதலில் கேட்டபோது எனக்கே விளங்கவில்லை. இரண்டு வருஷத்தில் என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ராசாவில் இருக்கும் அப்பாவுக்கு அது தெரியாதே என்ற நினைப்பு, எழுதும்போது எனக்கு வரவே இல்லை.

அன்று குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கிப் போனார். "அடுத்த ரயில்ல வருவாருலா" என்றார் மணியம். அதற்கும் நின்றோம். கடைசி நேரத்தில் உங்கள் மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். ஏன் வரவில்லை என்று எழுதிக் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. நீங்களும் எழுதவில்லை.

அப்படியே பதினொரு மாதம் போனது. நிபோங் திபாலில் நம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அம்மா வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெத்த அப்பாவ நாள் பூரா பாகான் செராய்ல உக்கார வச்சிட்டியே, எப்படிடீ மனசு வந்துச்சு உனக்கு?"

"பாகான் செராயா? நான் எப்பம்மா அங்க வரச் சொன்னேன்?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாகான் செராய் வேறு ஊர். அதே ரயில் பாதையில், பட்டர்வொர்த்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கவிதாவைத் தூக்கிக்கொண்டு இதே வாசலுக்கு வந்தேன். நீங்கள் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் அழுது அழுது சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னீர்கள்.

டிக்கெட் கவுண்டரில் நீங்கள் "பாகான்" என்றிருக்கிறீர்கள். உள்ளே இருந்த மலாய்க்காரர் "பாகான் செராய்?" என்று கேட்டிருக்கிறார்.

"நம்மளப் பாத்துட்டுத் தமிழ்ல பேசுறாருன்னு நெனச்சேன். பாகான், சரியான்னு கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. நானும் சரி, சரின்னு தலையாட்டுனேன்."

அவருக்கும் அது செராய், செராய் என்றுதான் கேட்டிருக்கும். யாரைக் குறை சொல்வது? ரயிலில் பக்கத்தில் இருந்தவர் உங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊர் வந்ததும் எழுப்பி இறக்கிவிட்டாராம். அவரும் உதவிதான் செய்திருக்கிறார்.

அம்மா கட்டிக்கொடுத்த பிள்ளைப்பேற்று மருந்தை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை இருந்தீர்கள். பக்கத்துக் கடை மலாய்க்கார அம்மா யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டு, தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார். மகள் வருவாள் என்று அவரிடம் சொன்னீர்கள். அவர் கடையைச் சாத்தும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்களாமே.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கவிதாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். நான் மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "விடுலா. ரெண்டு பேருமே வந்துதானே இருந்தோம்" என்றீர்கள்.

இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது அந்த வார்த்தையைத்தான். நீங்கள் இறங்கியதும் அந்த ரயில் கிளம்பிப் போனதை நின்று பார்த்தீர்களா, அப்பா? ஒரு மணி நேரம் கழித்து அதே ரயில்தான் என் முன்னால் வந்து நின்றது. நான் எட்டிப் பார்த்த காலி இடங்களில் ஒன்று உங்களுடையது. எதுவென்று தெரிந்திருந்தால் தொட்டாவது பார்த்திருப்பேன்.

தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன் என்றீர்கள். அதற்குள் வாதம் வந்து ஒரு காலை இழுத்துவிட்டது. பிறகு ஏது ரயில்? லீவு கிடைத்தபோதெல்லாம் நாங்கள் வந்தோம், நீங்கள் பேத்தியோடு சிரித்தீர்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பட்டர்வொர்த் வீட்டில் சாப்பாடு போடும்போதெல்லாம், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள் என்று யோசிக்கிறேன்.

இங்கே மேட்டுப் பக்கத்து மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடுகிறார்கள். கவிதா ஜனவரியில் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். அம்மா மருமகனோடு இப்போது நன்றாகப் பேசுகிறார். உங்களிடம் பேசியதைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இன்று காலை டிக்கெட் எடுக்கக் கிளம்பியபோது அம்மா வாசல்வரை வந்து, அந்த ஸ்டேசனில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான் எத்தனையோ தடவை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பியதே இல்லை. கவுண்டரில் போய் பாகான் செராய் என்று நானே கேட்டு வாங்கினேன்.

நாளைக்கு அங்கே இறங்குவோம், அப்பா. அம்மாவும் கவிதாவும் நானும் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருப்போம். பிறகு வடக்கே போகும் ரயிலில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, உங்களுக்கு மிச்சமாகிப்போன அந்த ஒரு மணி நேரத்து வழியை வீடு வரைக்கும் காட்டிக்கொண்டே கூட்டிப் போவேன். இது சத்தியம்.

உங்களை அழைக்க வந்து நின்ற மூத்த மகள்,
சரோஜா