ஒருத்தி ஓடிய பந்தயம்

ஒரகடம்
8.7.2024

மதிப்பிற்குரிய பி.டி. சாருக்கு,

ஏழாம் வகுப்பு செந்தாமரையின் அம்மா எழுதுவது. ஷிப்டினால் நேரில் வர முடியவில்லை. இடது காலில் காலிபர் கம்பி போட்டிருக்கிறாளே, அவள்தான்.

விளையாட்டு பீரியடில் எல்லோருடைய பைகளுக்கும் இவள்தான் காவலாம். "நீ இங்கயே குந்திக்கினு பையப் பாத்துக்கோடி" என்கிறார்களாம். வாட்ச்மேன் வேலைக்கா பள்ளிக்கூடம் அனுப்புகிறேன்? அவளையும் விளையாட விடுங்கள்.

இப்படிக்கு,
கனகலட்சுமி

10.7.2024

அன்புள்ள அம்மா,

வருத்தம் புரிகிறது. ஆனால் விளையாட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று போன வருடம் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஃபைலில் இருக்கிறது. அவள் விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

வெங்கடேசன்
உடற்கல்வி ஆசிரியர்

11.7.2024

சார்,

கையெழுத்து என்னுடையதுதான். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டில் உங்கள் ஆபீஸ்காரர் தாளை நீட்டினார். உதவித்தொகைக்கு என்று நினைத்துப் போட்டேன். படிக்காமல் போட்டது என் தப்பு, தண்டனை அவளுக்கா?

நான் குள்ளம். கம்பெனி லைனில் மெஷின் எட்டவில்லை என்றதும் சூப்பர்வைசர் காலடியில் பலகை போட்டார். வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. லாபம் பார்க்கிற கம்பெனிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாதா?

விழுந்தால் விழட்டும். எழுந்திருக்க அவளுக்குத் தெரியும்.

கனகலட்சுமி

20.1.2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு விலக்கை ரத்து செய்ததற்கு நான்தான் சந்தோஷப்பட வேண்டும். ரிங் பாலில் செந்தாமரை வளையத்தை வீசினால் எதிரே நிற்கிறவள் திணறுகிறாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. அவள் ஓடுகிறாள். தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அவசியம் வாருங்கள்.

வெங்கடேசன்

27.1.2025

சார்,

லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். தண்ணீர் டேங்க் பக்கம் நின்றிருந்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

மைக்கில் "மாற்றுத்திறனாளி மாணவிக்கான சிறப்பு ஓட்டம்" என்றார்கள். கோட்டில் அவள் ஒருத்திதான். கூட ஓட யாராவது வருவார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நீங்கள் விசில் ஊதிவிட்டீர்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பாதித் தூரம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வந்து, "நான் யார ஜெயிச்சேன்னும்மா கப்பு குட்த்தாங்க?" என்று கேட்டாள். பத்துப் பேரோடு ஓடிக் கடைசியாக வந்திருந்தால் குதித்துக்கொண்டு வந்திருப்பாள்.

கப்பைத் திருப்பி அனுப்புகிறேன். உங்களுக்கு நல்ல மனசு சார். அதனால் திட்டக்கூட முடியவில்லை.

இன்று விளையாட்டு பீரியட். வயிறு வலிக்கிறது என்று படுத்திருக்கிறாள். பொய் என்று தெரியும். எழுந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனகலட்சுமி