முப்பத்தேழு டிகிரி

அன்புள்ள உனக்கு,

உன் நலத்தை நம் மகள் சொல்லிவிடுகிறாள். நான் கேட்பது வேறு. ஆய்வகத்தில் நீ எழுதிவைத்த நீல நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

ஈஸ்ட் செல்லின் நடத்தையைக் கணிக்க நான் செய்த கணினி மாதிரியில் நாற்பது எண்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நீ முப்பது டிகிரியில் அளந்தாய். அந்த ஒன்றை அளந்த வாரத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டர் பழுது, சூடு குறையவில்லை. முப்பத்தேழில் அளந்து, அதையும் நோட்டில் குறித்துவிட்டு, "இத மாடல்ல சேர்க்காதீங்க, மறுபடி அளக்கணும்" என்றாய். "பிப்பெட் பிடிக்கிற கைக்குக் கணக்கு எதுக்கு?" என்றேன், எல்லார் முன்னாலும். அந்த எண்ணையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மாதிரிதான் என்னைப் பேராசிரியர் ஆக்கியது. என் பதவி உயர்வை இழுத்தடித்தவர்களின் பெயர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். உன்னிடம் சொன்ன அந்த வார்த்தை மட்டும் வசதியாக மறந்திருந்தது.

போன வாரம் வேறொரு ஆய்வுக் குழு அந்த எண் தவறு என்று ஆய்விதழில் எழுதிவிட்டது. துறைத்தலைவர் என் தோளில் கைபோட்டார். "அளந்தவங்க தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க சார். அவங்கதான் இப்ப இங்க இல்லையே."

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்விதழுக்கு விளக்கம் போக வேண்டும். அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். மூன்றாம் முறை அடிப்பேனா என்று தெரியவில்லை. என்னை உனக்குத் தெரியும்.

அதனால் நோட்டை எனக்கு அனுப்பாதே. ஆய்விதழின் ஆசிரியருக்கு நேராக அனுப்பிவிடு. முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ வைத்த பெயரோடு,
கணக்குப்பிள்ளை