துப்பாக்கி மேல் ஒரு தொலைநோக்கி

இன்று காலை பக்கத்து வீட்டில் பூசை. கற்பூரம் எரிகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் கோயில் நினைவு வரும். எனக்கு உங்கள் துப்பாக்கிதான் நினைவுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை. துப்பாக்கியும் இப்போது இங்கே இல்லை. நீங்கள் போன பிறகு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம்.

கல்யாணமான புதிதில் நீங்கள் ஒரு தகரத்தில் கற்பூரம் ஏற்றி, துப்பாக்கிக் குழலின் முனையில் நிற்கும் சின்ன முன்குறியை அந்தப் புகையில் காட்டிக்கொண்டிருந்தீர்கள். கரி படிந்தால் வெயிலில் அது மின்னாது, கண் ஏமாறாது என்று பிறகுதான் சொன்னீர்கள். எனக்கு அன்று சிரிப்பாக இருந்தது. “ஏனுங்க, சாமிக்குக் காட்டறதுக்கு முன்னால இதுக்குக் காட்டறீங்களே?” என்றேன். “இதும் சாமிதான் அம்மிணி. சுத்தமா வெச்சிருந்தாத்தான் வரம் குடுக்கும்” என்றீர்கள்.

உங்களுக்கு எங்குமே இருப்புக்கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போவீர்கள். குச்சிக்கிழங்குக் காட்டில் ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தே வரப்பைத் தேய்ப்பீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சேலத்து ரைபிள் கிளப்பில் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துவிட்டால் அந்த உடம்பு எப்படித்தான் அடங்குமோ! ஒருமுறை கூட வந்து பார்த்தேன். உங்கள் முதுகு மூச்சுக்குக்கூட அசையவில்லை. இந்த மனுசனா நம் வீட்டில் இருக்கிறவர் என்று நினைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் உங்கள் குறி தவற ஆரம்பித்தது. காகிதத்தின் நடுவில் ஒரே ஓட்டையாக விழுகிற குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறின. முன்குறி சரியில்லை என்றீர்கள். பித்தளை மணி வைத்த குறியை எடுத்துவிட்டுப் பட்டையான குறி வைத்தீர்கள். அதற்கு வெள்ளை பூசினீர்கள், பிறகு சுரண்டினீர்கள். பின்குறியில் இருந்த வெட்டை அரத்தால் அகலமாக்கினீர்கள். ஒவ்வொன்றையும் மாற்றிய அன்று சந்தோஷமாக இருப்பீர்கள். அடுத்த ஞாயிறு முகம் தொங்கிப் போய்த் திரும்பி வருவீர்கள்.

கடைசியில் லாரி வைத்திருந்த உங்கள் சித்தப்பா மகன் பம்பாயிலிருந்து ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தார். துப்பாக்கியின் மேலேயே பொருத்திக்கொள்கிற குழாய், உள்ளே மெல்லிய கூட்டல் குறி. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். முதலில் தூசியை ஊதிவிட வேண்டும், அப்புறம்தான் துடைக்க வேண்டும். சேலைத் தலைப்பு ஆகாது, பலமுறை துவைத்த மல்துணிதான். லென்ஸில் எண்ணெய் படக் கூடாது. பிடிமானத் திருகுகளைச் சுடப் போகும் முன்பு ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் பாப்பாவைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் அதைத் துடைத்தேன்.

ஆனால் அது வந்த தோல் உறையிலேயே பூட்டி வைத்தோம். ஐப்பசி மழையில் தோல் ஈரத்தை வாங்கிக்கொண்டது. எடுத்துப் பார்த்தபோது லென்ஸில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. சேலத்தில் கேமரா பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினீர்கள். வீட்டுக்கு வந்து கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் புகையாத்தான் இருக்குது. ஒழுங்காத் தொடைக்கல” என்றீர்கள்.

நான் வாங்கிப் பார்த்தேன். தென்னை ஓலையின் ஈர்க்கு ஈர்க்காகத் தெரிந்தது. பின்னால் மலையும் துல்லியமாக நின்றது.

“எனக்குப் பளிச்சுன்னு தெரியுதுங்க.”

“உனக்கு என்ன தெரியும்?”

“ஏனுங்க, பொக கண்ணாடியில இல்லீங்க. ஒருக்கா டாக்டர்கிட்டக் கண்ணக் காட்டிருங்க.”

குழாயை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த மத்தியானத்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியாமல் நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

கடலைக்காய் பிடுங்கி முடித்துக் காடு வெறுமையாகக் கிடந்தது. கிணறு வெட்டிய மண்மேட்டில் காகிதம் குத்தி வைத்துத் தொலைநோக்கியைக் குறிக்குச் சரிப்படுத்திக்கொண்டிருந்தீர்கள். குண்டு விழுகிற இடத்தைப் பார்த்து, மேலே இருக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவீர்கள், மறுபடி சுடுவீர்கள். நான் உங்களுக்குப் பின்னால், மல்துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒரு தோட்டாவைப் போட்டு அடைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

“என்னமோ அசையுது” என்றீர்கள்.

கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே திரும்பினீர்கள். கண்ணோடு குழலும் திரும்பியது. மண்மேட்டைத் தாண்டி, இரண்டு வேலிக்கு நடுவே வருகிற இட்டேரிப் பாதைப் பக்கம் போய் நின்றது. நம் பாப்பா அங்கே வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் அரை நாளில் விட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் வரக் கூடாது என்று சொல்லியிருந்தும், சோற்றுத் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு வந்தாள். மண் நிறத்தில் பாவாடை.

கத்த வேண்டும் என்றுதான் வாய் திறந்தது. கத்தினால் நீங்கள் திடுக்கிடுவீர்கள், விசைமேல் இருக்கிற விரல் துள்ளும். மோர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னேன்.

“ஏனுங்க, அது நம்ம பாப்பா. வெரல எடுத்துருங்க.”

உங்கள் முதுகு அசையவில்லை. அப்புறம் விரல் மெதுவாக வெளியே வந்தது. துப்பாக்கியின் பூட்டைத் திறந்தீர்கள். தோட்டா மண்ணில் விழுந்தது. துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தை மண்ணில் கவிழ்த்துக்கொண்டீர்கள். பாப்பா “அப்பா!” என்று ஓடி வந்தாள். நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்து முதுகில் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினாள். நீங்கள் எழவே இல்லை. அவளுக்குக் கீழே உங்கள் உடம்பு நடுங்கியதைப் பார்த்தேன்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

“நாய் மாதிரித்தான் தெரிஞ்சுது அம்மிணி. சுடறதுக்கில்ல. என்னன்னு பாக்கறதுக்குத்தான் திருப்புனேன்.”

“தெரியுமுங்க.”

“வெரலு அங்கதான் இருந்துச்சு.”

“அதும் தெரியுமுங்க.”

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ராத்திரியெல்லாம் களத்தில் நடந்தீர்கள். துப்பாக்கியைக் கிணற்றில் போடப் போகிறேன் என்றீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். “கெணத்துல போட்டாக் கண்ணு தெளிஞ்சுருமா? நாளைக்குச் சேலம் போகோணும். கெளம்புங்க” என்றேன். நான் உங்களிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை நீங்களும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தீர்கள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “வலது கண்ணில் புரை நல்லா வளர்ந்திருக்கு. எத்தனை நாளா மங்கலாத் தெரியுது?” என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் உங்கள்மேல் கோபப்பட எதுவும் மிச்சமில்லை.

ஆபரேஷன் ஆனது, கெட்டியான கண்ணாடி வந்தது. சோறு போட்டால் தட்டு தெரிகிற அளவுக்குப் பார்வை வந்தது, குறி பார்க்கிற அளவுக்கு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து நான்தான் பீரோவைத் திறந்தேன். “இடது கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது” என்றேன். முதலில் முறைத்தீர்கள். பிறகு இடது தோளில் வைத்துப் பார்த்தீர்கள். எழுதப் பழகுகிற குழந்தை மாதிரி கை தடுமாறியது. தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, வளையம் வைத்த பின்குறியை மாட்டினீர்கள். கழற்றியதை ஆசாரியிடம் சொல்லி ஒரு மரத் தாங்கியில் பொருத்தி என் முன்னால் வைத்தீர்கள். “பாக்கறதுக்கு ஒண்ணு, சுடறதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணாகக் கூடாது அம்மிணி. நீ பாரு, நான் சுடறேன்.”

அப்படித்தான் மறுபடி கிளப்புக்குப் போனோம். எப்போதும் முதலில் வந்த நீங்கள் அந்த வருஷப் போட்டியில் எங்கோ நடுவில் வந்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் ஒரு பழக்கம் உங்களைவிட்டுக் கடைசி வரை போகவில்லை. பாப்பா தூரத்தில் தலை தெரிந்தாலே, கையில் துப்பாக்கி இருந்தாலும் மண்வெட்டி இருந்தாலும், கீழே வைத்துவிடுவீர்கள். “நில்லு சாமி, நானே வாரேன்” என்று கத்திக்கொண்டு ஓடுவீர்கள். அவள் காலேஜிலிருந்து வந்தபோதும் அப்படித்தான், கைக்குழந்தையோடு வந்தபோதும் அப்படித்தான். அவள் தன் மகனிடம் சொல்கிறாள், “எங்கப்பா என்னைய நடக்கவே உட மாட்டாரு, அவரே வந்து கூட்டிக்குவாரு” என்று. அதைப் பாசம் என்று நினைத்திருக்கிறாள். பாசம்தான். ஆனால் அந்த மத்தியானத்தை அவளிடம் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இனி சொல்வேனா என்றும் தெரியவில்லை. உங்களுக்கு அன்று ஒரு மங்கல்தான் தெரிந்தது. குழல் முனைக்கு நேராக, தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு வந்த அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்தேன். அந்தக் காட்சி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறையாவது வந்து என்னை எழுப்பி நடக்கவைக்கிறது.

நேற்று அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி இட்டேரியில் வந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது அவளுக்கு. முழங்கால் வலியோடு எழுந்தேன். கையிலிருந்த அரிவாள்மணையை நான் எப்போது கீழே வைத்தேன் என்றே தெரியாது.

“நில்லு சாமி, நானே வாரேன்.”

அவள் நின்றாள். வெயிலில், பையைக் கீழே வைத்துவிட்டு, நான் போய்ச் சேருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றாள்.