ஆறு ஜிபிக்கு ஒரு கல்யாண மண்டபம்

ஜூன் 9, திங்கள்

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாத்தியார் ஸ்டானிஸ்லாஸின் ஏழு நாள் வேலை இன்று காலை காணாமல் போனது. என் வீட்டுக்காரர் என்பதால் நானும் துக்கம் அனுசரிக்க வேண்டியிருக்கிறது.

முப்பது வருட மழையை வைத்து பிஎச்.டி. செய்கிறார். வீட்டு லேப்டாப் அதைத் தூக்காது. யூனிவர்சிட்டியில் பெரிய மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன, எல்லோருக்கும் பொது. இவ்வளவு மெமரி, இவ்வளவு நேரம் என்று கேட்டு வரிசையில் நின்றால், கணக்குப் போடும் சாஃப்ட்வேரை ஒரு கன்டெய்னருக்குள் வைத்துத் திறந்துவிடும். இவர் வீட்டில் உட்கார்ந்தே பிரவுசரில் போட்டுப் பார்ப்பார், மாற்றுவார், மறுபடி பார்ப்பார். கேட்ட நேரம் முடிந்ததும் கன்டெய்னர் கலைந்துவிடும். உள்ளே வைத்ததும் அதோடு போய்விடும். நம்முடையதை வெளியே, நம் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் எடுத்து வைக்க வேண்டுமாம். இவர் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறார்.

"வாடகை வண்டியில மூட்டையை விட்டுட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிட்டீங்க," என்றேன்.

"சும்னே இரு மேரி."

கன்னடம் வந்தால் நிஜமான கோபம்.

27-ஆம் தேதி கமிட்டி. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இந்த முறை முடிவுகளைக் காட்டாவிட்டால் பதிவே ரத்து. ஏழு வருட உழைப்பு, நாற்பத்தொன்பது வயது. சிரிக்கக் கூடாதுதான்.

ஜூன் 10

உப்பிட்டு, நம்ம உப்புமாதான், தட்டில் அப்படியே இருக்கிறது. அதில் உப்பும் கூடிப்போயிருந்தது. துக்கத்தால் எவ்வளவு மிச்சம், உப்பால் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி இடம் கேட்டு மூன்று நாள் ஆகிறது. இன்னும் வரிசைதான்.

"எவ்வளவு கேட்டீங்க?"

"நூத்தி இருபத்தெட்டு ஜிபி. ஏழு நாள்."

"எவ்வளவு வேணும்?"

"தெரியல. இருக்கட்டும்னு."

அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கிரணுக்கு இவரையே போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில். போன தடவை சார் நிஜமாக எவ்வளவு உபயோகித்தார் என்று கேட்டேன்.

"அதிகபட்சம் ஆறு, மேடம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எல்லாரும் அப்படித்தான். பெரிசா கேட்டு வாங்குவாங்க, திறந்து வெச்சிட்டு சாப்பாட்டுக்குப் போயிருவாங்க. மெஷின் சும்மா நிக்கும், வெளிய கியூவும் நிக்கும்."

நஞ்சன்கூடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்கள் எல்லாம் பிஎச்.டி. பண்ணப் போய்விட்டார்கள் போல.

"ஆறு பேர் சாப்பிட முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபம் கேட்டா எவன் கொடுப்பான்?" என்றேன். போனை அணைத்துவிட்டார்.

ஜூன் 14, சனி

குண்டலுபேட்டையில் நான் புளி வாங்க ஆரம்பித்தபோது கையில் நாலு மூட்டைதான். முழு லாரி கேட்டவர்கள் காலி லாரிக்காகக் காத்துக் கிடப்பார்கள். நான் கிளம்புகிற லாரியில் எங்கே இடுக்கு இருக்கிறது என்று பார்த்துச் செருகிவிட்டு, அவர்களுக்கு முன்னால் பண்டிப்பாளையா மார்க்கெட்டில் நிற்பேன். அதைத்தான் சொன்னேன். எட்டு ஜிபி, ரெண்டு மணி நேரம் கேளுங்க, இடுக்குல ஏத்திக்குவான்.

"இது புளி இல்ல மேரி."

"வரிசை வரிசைதானே?"

எட்டு கேட்டால் டிபார்ட்மெண்டில் சின்ன ஆராய்ச்சி என்று நினைப்பார்களாம். ஓ, அதுதான் விஷயமா — மெமரியில்கூட கௌரவம் பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டிருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன், உள்ளறையிலிருந்து குரல்.

"மேரி... குடுத்துட்டான்."

எட்டுதான் கேட்டிருக்கிறார். கேட்டு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது.

நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் தட்டினேன். "வெளிய எடுத்து வெச்சாச்சா?"

"வெச்சாச்சு, மகாராணி."

ஜூன் 19

ரெண்டு ரெண்டு மணி நேரமாகக் கேட்டு, போனதில் பாதியை மறுபடி போட்டு முடித்துவிட்டார். இன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூன் 21, சனி

இன்று நான் மாட்டினேன்.

நான் குளித்துக்கொண்டிருந்தபோது, என் புளி மூட்டைகள் இருக்கும் கோல்டு ஸ்டோரேஜிலிருந்து குமார் போன் செய்திருக்கிறான். இவர் எடுத்திருக்கிறார். தலை துவட்டிக்கொண்டு வந்தால், நாற்காலியில் கமிட்டி மெம்பர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"கிடங்குல இருநூறு மூட்டைக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கியாமே. உள்ள எத்தனை இருக்கு?"

"எண்பது."

"மிச்ச இடம்?"

"...இருக்கட்டும்னு."

இவர் சிரிக்கவேயில்லை. அதுதான் தாங்கவில்லை. மார்க்கெட்டில் எனக்குப் போட்டிக்காரி பூங்குழலி, கிடங்கில் இடமில்லாமல் மூன்று நாளாக மிளகாய் வற்றலை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, தார்ப்பாய் மூடி, மழையைப் பார்த்தபடி நிற்கிறாளாம். குமார் சொன்னானாம்.

அவளுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்தான். இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 25

இரண்டு மணி நேரம் முடிந்து கன்டெய்னர் கலைந்தது. இவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

நாலு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், ஃபேன் போட்டார். வேண்டுமென்றே.

"சொல்லுங்களேன்."

"இவ்வளவு மழையையும் எட்டு ஜிபியிலயா பண்ணீங்கன்னு ஒருத்தர் கேட்டார். ஒரு புளி வியாபாரிகிட்ட கத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. எழுதிக்கிட்டாங்க."

பதிவு ரத்தில்லை. டிசம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

சாயந்திரம் பூங்குழலிக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதும், "என்ன அக்கா, நம்பர் மாறிக் கூப்பிட்டுட்டீங்களா?" என்றாள். அதுவும் நியாயம்தான். பேசி முடித்தோம். கிடங்கில் இருபது மூட்டை இடம் மட்டும் எனக்குக் கூடுதலாக — இருக்கட்டும். மற்றது அவளுக்கு: நூறு மூட்டைக்கு இடம், நாளை காலை முதல் டிசம்பர் முடியும்வரை, நான் கொடுக்கிற அதே வாடகை, ஒரு ரூபாய் மேலே இல்லை.